ஐயா பெயரில் ஒரு துருக்கிப் புத்தகம்

என் மதினி எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கேட்பது "இது யாரோடது?" என்பதுதான். கொடியில் காயும் வேட்டி, மேசையில் கிடக்கும் பேனா, பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத் தட்டு, எதுவானாலும் சரி. யாருடையது என்று தெரிந்த பிறகே அதைத் தொடுவாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்த புதிதில் இதை நாங்கள் விருதுநகர்க்காரர்களின் வியாபாரப் புத்தி என்று கேலி செய்தோம். அம்மாவுக்கு மட்டும் அது கேலியாகப் படவில்லை. "வந்தன்னைக்கே பாகம் பிரிக்கப் பாக்குறா" என்று என்னிடம் போனில் புலம்பினாள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. எங்கள் வீட்டுச் சொல் "நம்ம". நம்ம வீடு, நம்ம வண்டி, நம்ம அச்சாபீஸ். நான் சாத்தூருக்கு வாக்கப்பட்டுப் போன பிறகும் அம்மா, "நம்ம அச்சாபீஸ்ல புது மிசின் எறக்கிருக்கு" என்றுதான் சொல்வாள். கேட்க எனக்கும் குளிர்ச்சியாக இருக்கும். அந்த நம்மவுக்குள் நான் இருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்ததே இல்லை.

யோசிக்க வைத்தவள் மதினி. ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் அப்பா இறந்து, வருஷத் திவசமும் முடிந்த பிறகு, அண்ணன் விடுதலைப் பத்திரம் எழுத ஆளைக் கூட்டி வந்தான். பெண் பிள்ளை தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி. மத்தியானம் கறிச்சோறு, அப்புறம் கையெழுத்து, ஒரு பட்டுச்சேலை, சாயங்காலம் பஸ். நான் பேனாவைத் திறந்தபோது, சுவரோரமாக நின்றிருந்த மதினி கேட்டாள்:

"இதுல பாப்பாவோடது எது?"

பாப்பா என்றால் நான். அவளுக்கு நாத்தனார் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவாள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா கொல்லைப்பக்கம் எழுந்து போனாள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ள போயி மோர் கொண்டா" என்றான். அவளும் போனாள், மோரும் கொண்டுவந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டு வழக்கம் என்று போட்டேன், வேறொன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த அறையில் எனக்காக வாயைத் திறந்தது, என் பங்கு எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டு மருமகள் ஒருத்திதான். இன்றுவரை அண்ணன் மேல் எனக்கு ஆறவில்லை.

இதனால் அவளைப் பெரிய தாராளக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. மகா கெட்டி. அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களில், குடிக்கிற டம்ளர் முதல் தண்ணீர் அண்டா வரை, பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் எழுத்தையும் சேர்த்து வெட்டுவார்கள். இவள் கடையில் கூடவே நின்று, முன்னால் பின்னால் ஒரு எழுத்தும் இல்லாமல், தன் பெயரை மட்டும் வெட்ட வைத்திருக்கிறாள். ஒருமுறை எனக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டுத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள். ஊறுகாய் பாதி தீர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"பாப்பா, ஊறுகா ஒன்னோடது. சட்டி என்னோடது. எப்பக் குடுத்து விடுறே?"

"ஒரு சட்டிக்கு இம்புட்டா மதினி?"

"அதுல எம் பேரு இருக்குல்ல."

எரிச்சலில் நான் சட்டியைச் சரியாகக் கழுவாமலே அடுத்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பினேன். அதற்கும் போன் வந்தது.

அண்ணனுக்கு வெளியில் வாய் நீளம், வீட்டுக்குள் ஊமை. ஒரே மகனைக் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் போட்டாகிவிட்டது. சோறாக்கி முடித்த பிறகு மதினிக்குக் கிடைத்த துணை செல்போன். அதில் துருக்கி சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் தமிழில் டப் செய்தது, அப்புறம் அந்தப் பாஷையிலேயே. சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு துருக்கிக்காரி வீட்டு மாமியார் சண்டையைப் பார்த்து இவள் ஏன் கண் கலங்குகிறாள் என்று அம்மாவுக்குப் புரியவே இல்லை. பிறகு போனிலேயே பாடம் படித்தாள். புத்தகம் வரவழைத்தாள். இரண்டு வருஷத்தில் சத்தமில்லாமல் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"எதுக்கு மதினி துருக்கி? இங்கிலீஷாவது படிக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அந்தப் பாஷையில ஒரு நியாயம் இருக்கு பாப்பா" என்றாள்.

பெனிம் என்றால் 'என்'. எவ் என்றால் 'வீடு'. என் வீடு என்று சொல்ல இரண்டையும் சேர்த்தால் போதாதாம். 'பெனிம் எவிம்' என்று வீட்டின் வாலிலும் என்னுடையது என்கிற அடையாளத்தை ஒட்ட வேண்டுமாம். உன் வீடு என்றால் 'செனின் எவின்'. அங்கும் அப்படியே, உன்னுடையது என்று வீடே சொல்லுமாம்.

"வாயால சொல்லிட்டாப் பத்தாது. பொருள்லயும் இருக்கணும். பாத்திரத்துல பேரு வெட்டுனாப்புல" என்று சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவளுக்கென்றே ஒரு தேசத்தார் இலக்கணம் எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது.

அச்சாபீஸுக்குப் பின்னால் காகித குடோன். மத்தியானம் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, போனைக் கட்டின் மேல் சாய்த்து வைத்து, தமிழ் வழியாக இணையத்தில் துருக்கி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். சீரியல் பைத்தியங்கள், அந்த நாட்டில் வேலை தேடுகிறவர்கள், படிக்கப் போகிற பிள்ளைகள் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆள் சேர்ந்தது. நானும் சேர்ந்தேன். நாத்தனார் என்று ஃபீஸில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

வேறு எங்கு போனாலும் வணக்கம், நலமா என்று தொடங்குவார்கள். மதினியிடம் முதல் பாடமே என், உன், அவன், நம். "வணக்கம் எங்கயும் ஓடிறாது. மொதல்ல யாருது எதுன்னு தெரிஞ்சுக்கோங்க" என்பாள். வீட்டிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கேமராவுக்கு முன்னால் காட்டி, என்னுடையதா, அவருடையதா, நம்முடையதா என்று சொல்ல வேண்டும். நான் என் கண்ணாடியைக் காட்டினேன், குடையைக் காட்டினேன். 'நம்' என்பதற்கு அச்சாபீஸைச் சொன்னேன். மதினி அதற்கு மார்க் போடவில்லை.

ஆமத்தூரிலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. என் வீடு என்று சொல்லச் சொன்னபோது, "வீடு கம்பெனி வீடுக்கா" என்றாள். போன் தம்பியுடையதாம். கழுத்தில் கிடந்தது அம்மாவுடையதாம். வேறு யாராவதாக இருந்தால் சும்மா சொல்லு பிள்ளை, பாடம்தானே என்று விட்டிருப்பார்கள். மதினி விடவில்லை. "அப்ப ஒன்னோடது எது? யோசிச்சுச் சொல்லு, நான் இருக்கேன்" என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கெல்லாம் சங்கடமாகப் போயிற்று. கடைசியில் அந்தப் பெண், "எங் கைதான்க்கா" என்று கையைக் காட்டினாள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி அப்பியிருந்தது.

"பெனிம் எலிம். என் கை. சொல்லு" என்றாள் மதினி. அந்தப் பெண் திரும்பச் சொன்னாள். எனக்கு மதினி மேல் கோபம் வந்தது, கூடவே மரியாதையும் வந்தது. அவள் அப்படித்தான். ஒரே நேரத்தில் இரண்டையும் வரவழைப்பாள்.

படித்தவர்கள் எல்லாரும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அது அண்ணன் காதுக்குப் போயிற்று. எங்கள் அச்சாபீஸின் சொந்தச் சரக்கு வாய்ப்பாடு, கடிதம் எழுதும் முறை, பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற பழம், பறவைச் சார்ட்டுகள். பள்ளிக்கூடங்களில் டிவி மாட்டிவிட்ட பிறகு சார்ட்டுக்கு ஆர்டர் இல்லை. அண்ணனே வந்து மதினியிடம், "நீ நடத்துறதை எழுதிக் குடு. நம்ம கம்பெனில புத்தகமாப் போட்டுருவோம்" என்றான். கல்யாணமாகி அவன் அவளிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி அதுவாகத்தான் இருக்கும். அவள் பூரித்துப் போனாள்.

ஒரு வருஷம் எழுதினாள். புரூப் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிக்குச்சி வைத்துக்கொண்டு படிப்பாள். ஒரு புள்ளி பிசகினாலும் கம்போஸ் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டுத் திருத்துவாள். அட்டைக்கும் அவளே எழுதிக் கொடுத்தாள். மேலே புத்தகத்தின் பெயர், கீழே தன் பெயர். பாத்திரத்தில் உள்ளது போலவே முன்னெழுத்து இல்லாமல்.

எங்கள் அச்சாபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தப் புத்தகம் எது அச்சடித்தாலும் உள்பக்கங்கள் முடிந்து, அட்டை கடைசியாக ஏறி, பைண்டிங் ஆனதும் முதல் புத்தகக் கட்டை யாரும் பிரிக்க மாட்டார்கள். பழுப்புத் தாளில் கட்டியபடியே இருக்கன்குடிக்குக் கொண்டுபோய் மாரியம்மன் சந்நிதியில்தான் பிரிப்பார்கள். அந்தத் தடவை வேனில் எல்லாரும் போனோம். மதினி அரக்குப் பட்டு உடுத்தி, கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பூசாரி கட்டைப் பிரித்து, மேலே இருந்த புத்தகத்துக்குக் குங்குமம் வைத்து அவளிடமே நீட்டினார். அட்டையில் 'தொகுத்தவர்' என்று போட்டு, ஐயா பெயர் இருந்தது. பின்னட்டையில் சந்தனப் பொட்டோடு ஐயாவின் முட்டை வடிவப் படம்.

மதினி முன்னட்டையைப் பார்த்தாள், பின்னட்டையைப் பார்த்தாள், மறுபடியும் முன்னட்டையைப் பார்த்தாள்.

"மாமாவுக்கு எப்பத் துருக்கி தெரியும்?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணனுக்கு உண்மையாகவே புரியவில்லை. அதுதான் கொடுமை. "நம்ம கம்பெனில எந்தப் புத்தகம் வந்தாலும் ஐயா பேருதான. புதுசாக் கேக்குற?" என்றான்.

"வாய்ப்பாடு அவரு போட்டது. இது நான் எழுதுனது."

"கடிதப் புத்தகம் சித்தப்பா எழுதுனதுதான். அதுலயும் ஐயா பேருதான் இருக்கு. சித்தப்பா கேட்டாரா?"

அம்மா குறுக்கே வந்தாள். "ஆத்தா முன்னாடி நின்னுக்கிட்டு என்ன பேச்சு? ஐயா பேரு இருந்தாத்தான் கடைக்காரன் நம்பி எடுப்பான். ஒம் பேரு எவனுக்குத் தெரியும்? எல்லாம் நம்ம புத்தகந்தான."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அட்டையை மட்டும் மாத்தி அடிச்சா ஆகாதா?" என்றேன்.

"நீ இன்னொரு வீட்டுக்குப் போனவ. இதுல தலையிடாத" என்றான். மதினி என்னைப் பார்த்தாள். பிறகு பொங்கலை இலையில் வைத்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

புத்தகம் நன்றாகவே ஓடியது. அம்மா சொன்னது பலித்தது, ஐயா பெயருக்காகவே கடைகளில் எடுத்தார்கள். பிறகு நடந்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை. மதினி இணையத்தில் போட்டிருந்த பாட வீடியோ ஒன்றுக்குக் கீழே ஒருவர் எழுதினார்: 'நீங்கள் நடத்துவது வரிக்கு வரி இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பெரியவரின் உழைப்பைத் திருடி உங்கள் பாடம் என்று சொல்லிக் காசு வாங்குகிறீர்களே, வெட்கமாக இல்லையா?' அதற்குக் கீழே ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். அவளிடமே படித்த இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

ஊரான் டம்ளரைத் தொடக்கூட யாருடையது என்று கேட்டவளைத் திருடி என்று எழுதிவிட்டார்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினாள். அன்று நான் அங்கேதான் இருந்தேன்.

"ஒரே ஒரு வரி போடுங்க. எழுதுனது நாந்தான்னு கம்பெனி பேருல போடுங்க. அது போதும்" என்றாள். அவள் அந்த வீட்டில் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"செத்துப்போன எங்க ஐயாவை ஊரு முன்னால பொய்யராக்கச் சொல்றியா?" என்றான் அண்ணன்.

மறுவாரம் அவளுடைய பாடங்கள் ஒன்றுகூட இணையத்தில் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். குடோனில் ஸ்டூல் மட்டும் கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் அடங்கிவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். யாரோடது என்று கேட்பது நின்றுபோனது. அவளுடைய பாத்திரங்கள் அம்மா வழியாக அக்கம்பக்கத்துக்குப் போய்த் திரும்பாமல் போயின, அவள் தேடவில்லை. அண்ணன் இரண்டாம் பாகம் போட வேண்டும் என்றபோது மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள். "இப்பத்தான் குடும்பத்துப் பொம்பளை மாதிரி இருக்கா" என்று அம்மா மெச்சினாள். கம்போஸ் செய்கிற பெண்ணிடம், "மாமா பேரை நல்லாப் பெருசாப் போடு" என்று மதினியே சொன்னாளாம். ஒரு மனுஷியை இப்படி உடைத்துப் போட்டுவிட்டார்களே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். எனக்கு அவளைத் தெரியவில்லை.

சாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். லைசன்ஸ் ரத்தாகிக் கம்பெனியை மூடியதும் சீசன் முழுக்க வேலை இல்லாமல் அலைந்தான். இரண்டு பெண் குழந்தைகள். எப்படியோ துருக்கியில் கட்டட வேலைக்கு ஏற்பாடாகிவிட்டது. காலையில் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நடந்துகொண்டே பாடம் சொல்லுவான். ஒருநாள் துணி உலர்த்தும்போது காதில் விழுந்தது. "செனின் பசபோர்துன், என் பாஸ்போர்ட். செனின் எவின், என் வீடு."

தப்பாகச் சொல்கிறானே என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பாகம். முதல் பாகம் கடையில் தீர்ந்துபோய் இதை மட்டும் வாங்கியிருந்தான். 'உன்' இருக்க வேண்டிய இடத்தில் 'என்' இருந்தது. 'அவன்' இருக்க வேண்டிய இடத்தில் 'உன்'. அர்த்தம் முழுக்க ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அச்சில் நழுவியிருக்கும் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பயிற்சியும் அப்படியே. அதற்கடுத்த உரையாடலும் அப்படியே. பின்னால் கொடுத்திருந்த விடைகளும் அந்தத் தப்புக்கு ஒத்துப் போயின. இது நழுவியதல்ல. யாரோ உட்கார்ந்து, அடிக்குச்சி வைத்து, ஒரு புள்ளி பிசகாமல் செய்த வேலை. அப்படி வேலை செய்கிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைப்பானேன். வேண்டும் இவர்களுக்கு என்று இருந்தது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் இவன் நிற்கிறான்.

"தம்பி, இது தப்பு. செனின்னா 'உன்'. ஒங்க பாஸ்போர்ட்டை நீட்டி 'உன் பாஸ்போர்ட்'டுன்னு சொல்லப் போறீக" என்றேன்.

அவன் சிரித்தான். "யக்கா, ஐயா புத்தகத்துல தப்பு வருமா? அவரு வாய்ப்பாட்டுலதான நாங்க கணக்கே படிச்சோம்."

"இது ஐயா எழுதுனதே இல்ல. எங்க மதினி எழுதுனது."

பிறந்த வீட்டு விஷயத்தை நான் வெளியாள் ஒருவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் நம்பவில்லை. எங்களுக்குள் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நான் அங்கேயே மதினிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மதினி, பக்கத்து வீட்டுத் தம்பி துருக்கிக்கு வேலைக்குப் போறாரு. அடுத்த வாரம் கெளம்புறாரு. ரெண்டாம் பாகத்துல 'என்'னும் 'உன்'னும் மாறிக் கெடக்கு. பொழைக்கப் போற ஆளு மதினி. ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, கேட்டுக்குவாரு."

அந்தப் பக்கம் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அட்டையில யாரு பேரு போட்டிருக்கு?" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தம்பி போனுக்குப் பக்கத்தில் குனிந்து மரியாதையாகச் சொன்னான். "ஐயா பேருங்க."

"அப்ப ஐயா சொன்னதுதான் சரி தம்பி. எனக்கு அந்தப் பாஷை தெரியாது. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

"பாத்தீகளாக்கா" என்றான் அவன். என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னான். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விட்ட பக்கத்தைப் பிரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான். தன் பாஸ்போர்ட்டையும், தன் சம்பளத்தையும், தான் படுக்கப்போகிற கட்டிலையும் வரிசையாக அடுத்தவனுக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.